ஐ-94 பதிவில் சிக்கலா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்காவில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசா சொல்வதில்லை. விசா இருந்தால் விமானம் ஏறி வந்து, எல்லையில் அதிகாரி முன் நின்று, உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம். அதோடு அதன் வேலை முடிந்தது. உள்ளே வந்த பிறகு உங்கள் கெடுவைச் சொல்வது ஐ-94 என்கிற வருகை–புறப்பாட்டுப் பதிவு. பத்தாண்டு பி1/பி2 என்னும் வருகையாளர் விசாவில் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மா அப்பாவுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம். விசாவில் 2033 என்று இருந்தாலும் ஆறு மாதம்தான்.

முன்பு விமானத்திலேயே வெள்ளை அட்டை ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அதிகாரி அதில் ஒரு பாதியைக் கிழித்துத் தேதி குத்தி பாஸ்போர்ட்டில் ஸ்டேப்பிள் அடித்துத் தருவார். 2013 ஏப்ரல் கடைசியிலிருந்து விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் அது மின்னணுப் பதிவாக மாறியது. இப்போது பல இடங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரைகூட விழுவதில்லை. தவறு நடந்திருந்தாலும் கண்ணில் படாது. நாமாகத் தேடிப் பார்த்தால்தான் உண்டு.

பார்க்க வேண்டிய இடம் சிபிபி, அதாவது சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளம். முகவரி அரசுத் தளங்களுக்கே உரிய 'டாட் கவ்' என்று முடியும். விமானத்தில் வந்தவர் தன் பதிவைத் தேடி எடுக்க ஒரு காசும் கட்ட வேண்டாம். கடன் அட்டை எண் கேட்கிறதென்றால் நீங்கள் நிற்பது இடைத்தரகரின் தளம்; வெளியே வந்துவிடுங்கள். பெட்டிக்காக பெல்ட் அருகே காத்திருக்கும் நேரத்திலேயே கைப்பேசியில் பார்த்துவிடலாம். வீட்டில் நாலு பேர் வந்தால் நாலு பேருக்கும் தனித்தனியே எடுத்து, பிடிஎஃப் ஆக்கிச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை வெளியே போய்த் திரும்பினால் புதுப் பதிவு வந்து உட்கார்ந்துவிடும், பழையது முகப்பில் இருக்காது.

இன்னொன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். பதிவை எழுதிய அலுவலகம்தான் அதைத் திருத்தும். எல்லையில் எழுதியது சிபிபி. உள்ளே இருந்தபடி நீட்டிப்போ வகை மாற்றமோ வாங்கியிருந்தால் எழுதியது யுஎஸ்சிஐஎஸ் என்னும் குடிவரவுச் சேவைத் துறை. விசாவில் பிழை என்றால் தூதரகம். ஓட்டுநர் உரிம அலுவலகமும் கம்பெனியின் எச்ஆரும் இந்தப் பதிவைப் படிப்பவர்கள் மட்டுமே. அவர்களிடம் எவ்வளவு மன்றாடினாலும் ஓர் எழுத்து மாறாது.

அறிகுறி: 'பதிவு எதுவும் கிடைக்கவில்லை'

பெரும்பாலும் பதிவு இருக்கும். நீங்கள் தட்டிய விவரம்தான் அதோடு பொருந்தாமல் போயிருக்கும். இறங்கி ஓரிரு நாள்கூட ஆகவில்லை என்றால் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெயரை. நம்மவர்களுக்கு இதில் வருகிற தொல்லை தனி ரகம்.

தமிழர் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். முத்துலட்சுமி என்ற ஒரே பெயர், அல்லது அப்பா பெயரும் சேர்ந்து சுப்பிரமணியன் ராமன் என்று எல்லாமே 'இட்ட பெயர்' கட்டத்தில் இருக்கும். அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் இல்லாமல் விட மாட்டார்கள். அதனால் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்என்யு என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. (அதையே உண்மையான பெயர் என்று நினைத்து, மருத்துவமனை வரவேற்பில் "ஃப்னு, ஃப்னு" என்று கூப்பிடுவதைக் கேட்டவர்கள் நம்மில் நிறைய.) ஐ-94 தளத்தில் தேடும்போதும் அப்படியே செய்யுங்கள்: முதல் பெயரில் எஃப்என்யு, கடைசிப் பெயரில் முழுப் பெயரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி தட்டினால் கிடைக்காது, விசாவில் உள்ளபடி தட்டினால் கிடைக்கும் என்பது இந்த வகையில் அடிக்கடி நடக்கும்.

அதுவும் பலிக்கவில்லையா? விசாத் தாளின் அடியில் எந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். நாட்டின் குறியீட்டுக்குப் பிறகு முதலில் வருவது குடும்பப் பெயர். இரட்டை அம்புக்குறிக்குப் பின் வருவது இட்ட பெயர். கணினி வாசித்தது இதைத்தான். அந்தப் பிரிவின்படியே தேடுங்கள். பிறகு பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இட்ட பெயரும் நடுப் பெயரும் இருந்தால் இரண்டையும் முதல் கட்டத்திலேயே இடைவெளி விட்டுத் தட்டிப் பாருங்கள். இடைவெளி இல்லாமலும் பாருங்கள்.

அடுத்து பாஸ்போர்ட் எண். பழைய பாஸ்போர்ட்டில் விசா, கையில் புது பாஸ்போர்ட் என்று இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. விசாவில் அச்சாகியிருப்பது பழைய எண். பதிவு அந்த எண்ணில் ஏறியிருக்கக்கூடும். இரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள். இரு நாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் எதைக் காட்டி உள்ளே வந்தார்கள் என்பதை நினைவில் கொண்டு, வழங்கிய நாட்டையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னையிலிருந்து அபுதாபி வழியே வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே சோதனையை முடித்துவிடுகிறார்கள். 2014 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவில் நீங்கள் உள்நாட்டுப் பயணி போல இறங்கி நடந்துவிடலாம். ஆகவே "இங்கே யாரும் என்னைப் பார்க்கவே இல்லையே, பதிவு விட்டுப்போயிற்றோ" என்று பதற வேண்டாம். பதிவு அபுதாபிக் கணக்கில் இருக்கும்.

இத்தனைக்கும் பிடிபடவில்லை என்றால் டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் எனப்படும் சிபிபி அலுவலகத்தைத்தான் நாட வேண்டும். பெரிய விமான நிலையங்களை ஒட்டியே இவை பெரும்பாலும் இருக்கின்றன. நேரில் போகும் முன் அந்த அலுவலகத்துக்கான தொலைபேசி, மின்னஞ்சல் விவரத்தைச் சிபிபி தளத்தில் பாருங்கள்; சில இடங்களில் மின்னஞ்சலிலேயே காரியம் முடிந்துவிடும். பாஸ்போர்ட், விசா, போர்டிங் பாஸ் மூன்றும் கையில் இருக்கட்டும். திருத்தக் கட்டணம் கிடையாது.

அறிகுறி: எச்-1பி மனு இன்னும் ஓடுகிறது, ஐ-94 அதற்கு முன்பே முடிகிறது

கம்பெனி மனுப் போட்டு வாங்கித் தரும் வேலை விசாவான எச்-1பியில் இருப்பவர்களுக்கு இதுதான் ஆபத்தானது. வேலை செய்துகொண்டே இருப்பீர்கள், சம்பளம் வரும், எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும். ஆனால் ஐ-94 தேதி கடந்த மறுநாளே நீங்கள் கெடு மீறியவர் ஆகிவிடுவீர்கள். யாரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மருந்தும் வேறு வேறு. ஐ-94 தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தேதிகளோடு ஒப்பிடுங்கள்.

பாஸ்போர்ட் முடியும் தேதியோடு ஒத்துப்போகிறதா? அப்படியென்றால் அதிகாரி தவறு செய்யவில்லை. பாஸ்போர்ட் செல்லும் நாளுக்கு மேல் தர வேண்டாம் என்று குறைத்திருக்கிறார். டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனாலும் "இது பிழை அல்ல" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். குடும்பமாக வருகிறவர்கள் இங்கே குழந்தைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இந்திய பாஸ்போர்ட் பத்தாண்டு, சிறுவர்களுக்கு ஐந்தாண்டுதான். அப்பாவுக்கு மூன்று வருடம் கிடைத்திருக்கும். எச்-1பி காரரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4ல் வந்த பிள்ளைக்கு பாஸ்போர்ட் முடிகிற எட்டாம் மாதத்தோடு கெடு நின்றிருக்கும். அப்பாவின் தேதியைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் அதுதான் என்று விட்டுவிடுவதால் வருகிற வினை இது.

இதற்கு வழி இரண்டு. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு வெளிநாடு போய், செல்லுபடியாகும் விசாவோடும் ஐ-797 ஒப்புதல் தாளோடும் திரும்பி நுழைவது ஒன்று. அப்போது புதுப் பதிவு முழுக் கெடுவோடு எழுதப்படும். வெளியே போக முடியாதென்றால், தேதி முடியும் முன் எச்-1பி காரருக்காகக் கம்பெனி ஐ-129 என்ற நீட்டிப்பு மனுவும், சார்ந்தவர்களுக்காக ஐ-539 என்ற நீட்டிப்பு மனுவும் போட வேண்டும். முன் என்றால் தபாலில் போட்ட நாள் அல்ல, யுஎஸ்சிஐஎஸ் கையில் சேர்ந்த நாள். புது பாஸ்போர்ட் வாங்கியதும் ஐ-94 தானாக நீளும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நீளாது.

பாஸ்போர்ட் தேதியோடு ஒக்கவில்லை, விசாவின் குறிப்பு வரியில் பி.இ.டி. என்று அச்சாகியிருக்கும் மனு முடிவுத் தேதியோடு ஒக்கிறதா? அப்படியானால் கதை வேறு. உங்களிடம் புது நீட்டிப்பின் ஐ-797 இருந்தும் அதிகாரி விசாவில் இருந்த பழைய மனுவின் தேதியை எடுத்துக்கொண்டுவிட்டார். வேலை மாறியவர்களுக்கும், பழைய கம்பெனியின் விசாவிலேயே புது மனுவோடு பயணம் செய்பவர்களுக்கும் இது நேரும். இதைச் சிபிபி திருத்தித் தர வாய்ப்பு நன்றாகவே உண்டு. ஐ-797 அசலோடு டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போங்கள். அடுத்த முறை வரும்போது பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டாமல் ஐ-797ஐயும் மேலே வைத்து நீட்டுவது நல்லது.

மனுத் தேதிக்குப் பத்து நாள் கூடுதலாக இருந்தால் குழம்ப வேண்டாம். மூட்டை கட்டுவதற்கென்று அதிகாரி தரக்கூடிய சலுகை நாள்கள் அவை. அந்தப் பத்து நாளில் தங்கலாம்; வேலை செய்யக் கூடாது.

அறிகுறி: நீட்டிப்பு ஒப்புதல் வந்துவிட்டது, தளத்தில் இன்னும் பழைய தேதி

இது கோளாறே அல்ல. தளம் காட்டுவது எல்லையில் சிபிபி எழுதிய பதிவை. உள்ளிருந்தபடி நீட்டிப்பு வாங்கியிருந்தால் யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் ஐ-797ஏ தாளின் அடிப்பகுதியில் புது ஐ-94 அச்சாகியிருக்கும். அதுதான் இப்போது நடப்பு. பத்திரமாக வையுங்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. எது கடைசியாக வழங்கப்பட்டதோ அதுவே செல்லும். ஐ-797ஏ 2028 வரை கொடுத்திருக்கலாம். நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பினீர்கள், எல்லையில் 2027 என்று எழுதிவிட்டார்கள் என்றால் கணக்கு 2027தான். கையில் 2028 தாள் இருக்கிறது என்ற தைரியத்தில் பலர் தளத்தைத் திறந்தே பார்ப்பதில்லை.

யுஎஸ்சிஐஎஸ் அச்சிட்ட தாளிலேயே பெயரோ பிறந்த தேதியோ பிழையாக இருந்தால் சிபிபிக்குப் போகாதீர்கள். அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிழை அவர்களுடையது என்று யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கே தெரிவிக்க வேண்டும். தாள் தொலைந்துபோனால் ஐ-102 மனு.

அறிகுறி: வகை மாறிக் கிடக்கிறது

பாஸ்போர்ட்டில் பி1/பி2 விசாவும் எச்-1பி விசாவும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். அதிகாரி முதலில் புரட்டிய பக்கம் பி2. வேலைக்கு வந்தவர் சுற்றுலாப் பயணியாக ஆறு மாதக் கெடுவோடு உள்ளே வந்துவிடுவார். எச்-4ல் வந்த மனைவிக்கு எச்-1பி என்று விழுவதும், பிள்ளைக்கு வேறு வகை விழுவதும் நடப்பதுதான். இது தெளிவான பிழை. கவுண்டரை விட்டு நகரும் முன் கண்டுபிடித்தால் அங்கேயே சரி செய்யச் சொல்லிக் கேட்கலாம். இல்லையென்றால் டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன். தள்ளிப் போடாதீர்கள். ஒரு தவறான வகையின் மேல் நீங்கள் போடும் அடுத்த மனுவும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

அம்மா அப்பாவுக்கு ஆறு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம் எழுதியிருந்தால்? அதிகாரி திரும்பும் டிக்கெட்டைப் பார்த்து வேண்டுமென்றே குறைத்திருக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதைப் பிழை என்று வாதிட முடியாது. இன்னும் தங்க வேண்டியிருந்தால் கெடு முடியும் முன் ஐ-539 போடுவதே நேர்வழி.

எஃப்-1 மாணவர்களுக்கு, தேதி இருக்க வேண்டிய இடத்தில் டி/எஸ் என்று இரண்டெழுத்து இருந்தால் அது விடுபட்ட தேதி அல்ல. மாணவராக ஒழுங்காக நீடிக்கும் வரை என்று பொருள். இதை எடுத்துவிட்டுக் குறிப்பிட்ட கெடு தருவதற்கான விதியை 2025 ஆகஸ்ட்டில் முன்மொழிந்தார்கள். அதனால் மாணவர்களும் ஒவ்வொரு நுழைவுக்குப் பின்னும் அந்தக் கட்டத்தைப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண் அலுவலகத்தில் 'பொருந்தவில்லை'

எண்ணைச் சரிபாருங்கள். ஐ-94 எண் பதினோரு இடம் கொண்டது. 2019 மே முதல் பத்தாவது இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது. கவுண்டரில் இருப்பவர் எல்லாமே இலக்கம் என்று நினைத்து அதை மாற்றித் தட்டியிருக்கலாம். பழைய பயணத்தின் எண்ணை நீங்களே கொடுத்திருக்கவும் கூடும். மற்றபடி, வந்து இறங்கிய வாரத்திலேயே போய் நின்றால் பதிவு அவர்கள் திரைக்கு வந்து சேர்ந்திருக்காது. பத்து நாள் கழித்துப் போங்கள். அப்போதும் இல்லை என்கிறார்களென்றால் அவர்கள் சரிபார்ப்பது சேவ் என்ற அமைப்பின் வழியாக. சரிபார்ப்பு எண்ணை வாங்கிக்கொண்டால் அது எங்கே நிற்கிறது என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம்.

அறிகுறி: கனடா போய்த் திரும்பியும் தேதி மாறவில்லை

நயாகராவைக் கனடாப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மறுபடி ஆறு மாதம் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. முப்பது நாளுக்குள் கனடாவோ மெக்சிகோவோ போய்த் திரும்பினால் பெரும்பாலும் பழைய ஐ-94தான் தொடரும். விசா காலாவதியானவர்கள், இத்தகைய குறுகிய பயணத்துக்கு அந்த விசாவையே செல்லும் என்று ஏற்கும் தானியங்கி மறுசெல்லுபடி விதியில் திரும்புவதும் அந்தப் பழைய பதிவை நம்பித்தான். அது முடிந்துபோயிருந்தால் அந்த வழியும் அடைபடும். குறுகிய தேதியைச் சரிசெய்யவே எல்லைக்குப் போகிறீர்கள் என்றால், நல்ல விசாவோடு போய், புது ஐ-94 வேண்டும் என்று வாய்திறந்து கேட்க வேண்டும். தரைவழி நுழைவில் இதற்குக் கட்டணம் உண்டு: 6 டாலராக இருந்தது 2025 செப்டம்பர் 30 முதல் 30 டாலர் ஆனது.

டொராண்டோவிலிருந்து காரில் வரும் கனடாக் குடிமக்களுக்கு வேறு விதமான கவலை. தரைவழியாகச் சுற்றிப் பார்க்க வருகிற அவர்களுக்குப் பொதுவாக ஐ-94 எழுதுவதே இல்லை. தேடினால் கிடைக்காதது இயல்பு. ஆனால் 2025 ஏப்ரல் 11 முதல் வெளிநாட்டவர் அரசிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்ற விதி கறாராக நடக்கிறது. ஐ-94 உள்ளவர்களுக்கு அதுவே பதிவுச் சான்று. 18 வயது ஆனவர்கள் அதன் பிரதியைக் கூடவே வைத்திருக்க வேண்டும். ஐ-94 இல்லாமல் முப்பது நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர்கள்தான் ஜி-325ஆர் படிவத்தைத் தனியே நிரப்ப வேண்டியவர்கள். லண்டனிலிருந்து விசா விலக்கில் வருகிற பிரிட்டிஷ் குடிமக்களுக்குத் தொண்ணூறு நாள். நீட்டிப்பே கிடையாது, நடுவில் கனடாவில் கழித்த நாளும் கணக்கில் சேரும்.

அறிகுறி: ஊர் திரும்பிவிட்டோம், ஆனால் புறப்பாடு பதிவாகவில்லை

சென்னையில் வெளியேறும்போது இமிகிரேஷன் அதிகாரி முத்திரை குத்துவார். அமெரிக்க விமான நிலையத்தில் அப்படி ஒரு கவுண்டரே இல்லாததால் நம்மவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். அங்கே விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியலிலிருந்து புறப்பாடு பதிவாகிறது. விமானத்தில் ஏறும் வெளிநாட்டவர் முகத்தைப் படம்பிடிப்பதற்கான விதியும் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கனடாவுக்குள் தரைவழி நுழைந்தால் கனடா அந்தத் தகவலை அமெரிக்காவுடன் பகிர்ந்துகொள்ளும். மெக்சிகோ எல்லையில் நடந்தோ காரிலோ வெளியேறியவர்களுக்குத்தான் புறப்பாடு விடுபட வாய்ப்பு அதிகம்.

அதே ஐ-94 தளத்தில் பயண வரலாறு என்ற பகுதியில் உங்கள் வருகைகளும் புறப்பாடுகளும் வரிசையாக வரும். அதில் ஒரு வரி விட்டுப்போனதற்காகப் பதற வேண்டாம். அது அதிகாரபூர்வச் சான்று அல்ல, வசதிக்காகக் காட்டுவது. ஆனால் கடைசிப் பயணத்தின் புறப்பாடு இல்லை என்றால் அலட்சியம் கூடாது. கெடு மீறித் தங்கியதாகக் கணக்கானால் அந்த விசா செல்லாததாகிவிடும். 180 நாளைத் தாண்டிச் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறியதாகக் கணக்கானால் மூன்றாண்டும், ஓராண்டு ஆகிவிட்டால் பத்தாண்டும் உள்ளே வரத் தடை.

ஆகவே போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். போர்டிங் பாஸ், சென்னையில் விழுந்த வருகை முத்திரை, திரும்பிய பிறகு ஊரில் நடந்த வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு என்று நீங்கள் ஊரில்தான் இருந்தீர்கள் என்பதைக் காட்டும் எதுவும் உதவும். அவற்றை ஒரே பிடிஎஃப்பாக்கி வைத்துக்கொண்டு அடுத்த விசா நேர்காணலுக்கும் பயணத்துக்கும் எடுத்துப் போங்கள். பழைய வருடங்களின் முழு விவரம் வேண்டுமென்றால், நம் ஊர் ஆர்டிஐ மனு போல அங்கே ஃபோயா என்ற மனு இருக்கிறது, இணையத்திலேயே போடலாம். பதில் வர நாளாகும் என்பதால் நேர்காணலுக்கு முந்தின வாரம் போட்டுப் பயனில்லை.